வேலாங்காட்டு ரோட்டில் மொட்டைச் சேசி

திரும்பிவிட்டான். இந்தக் கையைத் திருப்பச் சொன்னது யார்? மூன்றாவது கியருக்கு இறக்கியது, கண்ணாடியே மாட்டாத இடத்தில் கண்ணாடியைத் தேடிப் பார்த்தது, ஸ்டீயரிங்கை வளைத்தது, எல்லாம் கையே பார்த்து முடித்த பிறகுதான் பொங்கியண்ணனுக்குத் தெரிந்தது, இது திருச்செங்கோட்டுக்குப் போகிற ரோடு இல்லை, வேலாங்காட்டு ரோடு என்று. மூன்று கிலோமீட்டர். இடது பக்கம் வாய்க்கால், வலது பக்கம் கல்குவாரிக்காரன் போட்ட கம்பிவேலி, நடுவில் ஒரு லாரி போனால் எதிரே வருகிற மாடு ஒதுங்கி நிற்கிற அளவுக்குத் தார். இன்னும் பாடி கட்டாத முப்பதடி லாரிச் சேசியை இதில் திருப்ப முடியாது. தனியாளாக ரிவர்சிலேயே ஓட்டிக்கொண்டு போய் பைபாசில் ஏறலாம், ஏறினால் கேரளாவுக்குப் போகிற ஏதாவது ஒரு டேங்கர் வந்து சாத்திவிட்டுப் போகும். திருப்புவதற்கு ஒரே ஒரு இடம் ரோடு முடிகிற இடத்தில் இருக்கிறது. அது மொதலாளி ராமியண்ணன் லாரிகளை நிறுத்தி வைக்கிற செட்டு. ஆறு வருஷமாக அவரிடம்தான் லாரியை லீசுக்கு எடுத்து ஓட்டுகிறான். மாதம் பிறந்தால் அவருக்குப் பேசின தொகை, மிச்சம் இவனுக்கு, வண்டி எப்போதும் அவருடையது. அந்த ஏற்பாட்டை விட்டுவிட்டுச் சொந்தமாக வண்டி வாங்கிவிட்டேன் என்று அவரிடம் இவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு மாதமாகச் சொல்லவில்லை. இப்போது அந்தச் சொந்த வண்டிமேல் உட்கார்ந்து அவர் வாசலுக்கே போய்க்கொண்டிருக்கிறான்.

முட்டாள். வேறு என்ன சொல்ல. சேலத்தில் ஷோரூமை விட்டுக் கிளம்பும்போதே மனசுக்குள் வழியைச் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் கிளம்பினான், சங்ககிரி தாண்டி, பாலத்தடியில் இடது கை, நேரே திருச்செங்கோடு, பாடி கட்டுகிற பட்டறை, அவ்வளவுதான் என்று. ஆனால் ஆறு வருஷம் எந்த ஊர் லோடு இறக்கிவிட்டு வந்தாலும் இந்தப் புளியமரத்துத் திருப்பத்தில்தான் திரும்பியிருக்கிறான், கைக்குப் புது வண்டி பழைய வண்டி என்று என்ன தெரியும். பின்னால் வேலாங்காட்டு மினி பஸ் வந்து ஹாரன் அடித்தது. இவனும் ஹாரன் அடிக்கப் பார்த்தான், பட்டன் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. பஸ் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு கண்டக்டர் கத்தினான். “ஏனுங்ணா, கூரை எங்கீங்க, காத்துல போயிருச்சா?” உள்ளே இருந்த பெண்கள் சிரித்தார்கள். “ஓரங்கட்டுங்ணா, எங்களுக்கு டைமிங் இருக்குது!” எங்கே ஓரங்கட்டுவது, வாய்க்காலிலா? அவன் கேட்டதிலும் தப்பில்லை. பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். முன்னால் இஞ்சினை மூடின ஒரு மூக்கு, மூக்குக்குப் பின்னால் ஸ்டீயரிங், ஸ்டீயரிங்குக்குப் பின்னால் சீட்டுக்குப் பதில் கயிற்றால் கட்டின ஒரு மரப்பெட்டி, பெட்டிமேல் மடித்த சாக்கு, சாக்குமேல் மச்சான்காரனுடைய ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, மூக்குவரைக்கும் துண்டு சுற்றிக்கொண்டு ஒரு ஆள். அவனுக்குப் பின்னால் இரண்டு நீள இரும்பு, கீழே பத்துச் சக்கரம், வேறு ஒன்றுமில்லை. கதவில்லை, கண்ணாடியில்லை, கூரையில்லை. கம்பெனிக்காரன் இப்படித்தான் கொடுப்பான். கேபினும் பாடியும் நாம்தான் கட்டிக்கொள்ள வேண்டும்.

வெயில் நேராக வந்து தொடையில் விழுந்தது. லாரிக்குள் இருக்கும்போது வெயில் சன்னல் வழியாக வந்து வலது கையை மட்டும்தான் கறுக்க வைக்கும், இது ஆளையே மொத்தமாக எடுத்துக்கொண்டது. திரும்பிப் பார்த்தான். பார்க்கக் கூடாது, ரோட்டைப் பார்த்து ஓட்டு என்று தனக்கே சொல்லிக்கொண்டு மறுபடியும் திரும்பிப் பார்த்தான். சக்கரம் சுற்றுவது தெரிந்தது. பதிமூன்று வருஷமாக லாரி ஓட்டுகிறான், தான் ஓட்டுகிற வண்டியின் சக்கரம் சுற்றுவதை ஓட்டிக்கொண்டே இதுவரை பார்த்ததில்லை. யார் பார்த்திருப்பார்கள்? கீழே அந்த நீளத் தண்டு கிறுகிறுவென்று சுற்றுகிறது, சுற்றுவதே தெரியாமல் நிற்கிற மாதிரிச் சுற்றுகிறது, அது சுற்றுவதால் அச்சு சுற்றுகிறது, அச்சு சுற்றுவதால் பின்பக்கத்து எட்டுச் சக்கரமும் தாரை உரித்துக்கொண்டு வருகிறது, இவன் கால் கட்டைவிரலை ஒரு நூல் அழுத்தினால் அங்கே அத்தனையும் ஒரு நூல் கூடுகிறது. தன் கால் அங்கேவரைக்கும் நீண்டிருக்கிறது என்று நினைத்தான். பயம்தான். பயத்தைப் பயம் என்றே சொல்லலாம், அதில் என்ன வெட்கம். ஆனால் பயம் மட்டுமில்லை. சின்ன வயதில் மேட்டூர் அணையில் பதினாறு கண் மதகையும் திறந்தபோது பாலத்துமேல் நின்று பார்த்தான், தண்ணீர் விழுகிற சத்தத்தில் பல்லெல்லாம் ஆடியது, ஓட வேண்டும் என்றும் இருந்தது, அங்கேயே நிற்க வேண்டும் என்றும் இருந்தது. அந்த மாதிரி. இந்த இரும்புமேல் இன்னும் ஒரு மூட்டை ஏறவில்லை. ஒருத்தன்கூட இதில் தூங்கவில்லை, வாந்தி எடுக்கவில்லை, பெண்டாட்டியோடு போனில் சண்டை போடவில்லை. இது ரோட்டில் இறங்குகிற முதல் நாளே இன்றைக்குத்தான். அதையும் தப்பான ரோட்டில் கொண்டுவந்து விட்டான்.

மினி பஸ் இன்னும் அடித்துக்கொண்டே வந்தது. வரட்டும். திருப்பிக் கொடுத்துவிட்டால் என்ன? ஷோரூமில் ஃபைல் பார்க்கிற பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்லியிருந்தாள், “பட்டறையில பாடி மாட்ட மொத ஓட்டை போடற வரைக்கும் வண்டி எங்க வண்டி மாதிரிதாங்க, பிடித்தம் போக வாங்கிக்குவோம். ஓட்டை விழுந்திருச்சுன்னா அப்புறம் உங்க பாடு.” உங்க பாடு. அப்படியானால் இன்னும் நேரம் இருக்கிறது. இந்த மூன்று கிலோமீட்டர், திரும்பி மூன்று, அப்புறம் திருச்செங்கோடு வரைக்கும். அதற்குள் மனசு மாறினால் மாறியதுதான். பெண்டாட்டி வசந்தாமணி என்ன சொன்னாள்? மில்லில் பதினோரு வருஷம் நூல் முடிச்சுப் போட்டுச் சேர்த்ததை முன்பணமாகக் கொடுத்துவிட்டு அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். “ஏனுங், எனக்கு லாரியப் பத்தி ஒண்ணும் தெரியாது. நீங்க ராத்திரி தூங்குவீங்களா, அத மட்டும் சொல்லுங்க.” தூங்க மாட்டான், அதுதான் உண்மை. லீசு வண்டியில் தூங்கினான். நாக்பூர் தாண்டி கியர் பாக்ஸ் உடைந்து நடுக்காட்டில் நின்றபோது மொதலாளிக்குப் போன் போட்டான், அவர் முதலில் கேட்டது “சாப்பிட்டயாடா?” அடுத்த நாள் மத்தியானத்துக்குள் மெக்கானிக் வந்தான், சாமான் வந்தது, செலவு அவர் செலவு. இவன் லாரிக்கடியில் துண்டை விரித்துப் படுத்துத் தூங்கினான், நல்ல தூக்கம். உடைந்தது அவர் கியர் பாக்ஸ்தானே. இனிமேல் நடுக்காட்டில் நின்றால் யாருக்குப் போன் பண்ணுவான்? போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு யார் பெயரைத் தேடுவான்? அந்த இடத்தில் மனசு வந்து வந்து முட்டியது, ஈ கண்ணாடியில் முட்டுவது மாதிரி, இங்கே கண்ணாடியும் இல்லை. மேலே நிமிர்ந்து பார்த்தான். வானம்தான் இருந்தது. அவ்வளவு வானத்தைத் தலைக்குமேல் வைத்துக்கொண்டு யாராவது லாரி ஓட்டுவார்களா? புளியங்கிளை ஒன்று வந்து ஹெல்மெட்டில் பட்டென்று அடித்தது. கூரையைச் சுரண்டிக்கொண்டு போகிற கிளைதான், ஆறு வருஷமாகத் தினமும் கேட்ட சத்தம்தான், தலையில் பட்டபோதுதான் அது இவ்வளவு கனம் என்று தெரிந்தது.

இந்தப் பக்கம் இப்படி என்றால் அந்தப் பக்கமும் ஒன்று இருக்கிறது. விஜயவாடா. அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை. நாலு வருஷத்துக்கு முந்தி, கம்பி ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டுக் காலி வண்டியாக வந்துகொண்டிருந்தான், மொதலாளி போன் பண்ணினார். “பொங்கி, எங்க இருக்கற?” “விஜயவாடா தாண்டிட்டனுங்க.” “அங்கயே ஒரு பெட்ரோல் பங்குல நிறுத்திக்க. வண்டிய வித்தாச்சு. வாங்கினவன் ஆளு அந்தப் பக்கந்தான் இருக்கறானாம், வந்து எடுத்துக்குவான். நீ ரயிலேறி வந்துரு, வேற வண்டி தரன்.” சத்தம் போடவில்லை, திட்டவில்லை, நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். வேற வண்டியும் தந்தார், சொன்னபடி தந்தார். ஆனால் அந்தப் பங்கில் இவன் ஸ்டவ்வை எடுத்தான், குக்கரை எடுத்தான், தலையணை, கைலி, மசாலா டப்பா, எல்லாவற்றையும் இரண்டு சாக்கில் போட்டுக் கட்டினான். வந்தவன் சின்னப் பையன் மாதிரி இருந்தான், தெலுங்கில் ஏதோ சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்து சீட்டைத் தன் காலுக்குத் தகுந்த மாதிரி முன்னால் இழுத்தான். அந்தச் சீட்டு இழுபடுகிற சத்தம். ஒரே ஒரு சத்தம்தான், டக்கென்று. இரண்டு வருஷம் அந்தச் சீட்டு இவன் காலுக்கு நின்றிருந்தது. வண்டி போய்விட்டது, சீப்பு டேஷ்போர்டிலேயே போய்விட்டது. கோபப்படலாம் என்று பார்த்தான், கோபப்பட ஒன்றுமே இல்லை. அவர் வண்டி, அவர் விற்றார். அதுதான் இவனைத் தின்றது. யாரும் ஒரு தப்பும் செய்யவில்லை, இவன் மட்டும் இரண்டு சாக்கோடு ரோட்டில் நின்றான். அன்றைக்கு ரயிலில் உட்காரக்கூட இடமில்லை, கக்கூஸ் பக்கத்தில் நின்றுகொண்டு, சொந்தமாக ஒன்று வாங்கிவிட வேண்டும் என்று நினைத்தான். வீராப்பெல்லாம் இல்லை. கால் வலித்தது, அதனால் நினைத்தான்.

பள்ளிக்கூடத்து முக்கில் ரோடு கொஞ்சம் அகலமானது. மினி பஸ் தூசியைக் கிளப்பிக்கொண்டு பக்கத்தில் வந்து தாண்டியது, கண்டக்டர் இப்போது கிண்டலை விட்டுவிட்டு இரும்பையே பார்த்தான், முன்னால் இருந்து பின்னால்வரைக்கும் கண்ணை ஓட்டினான். “புதுசுங்ளா?” என்றான், மெதுவாக, கோயிலுக்குள் பேசுகிற மாதிரி. இவன் தலையை ஆட்டினான். “யாரு வண்டிங்க?” பஸ் போய்விட்டது, பதில் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. நல்லதாகப் போயிற்று. என்னுடையது என்கிற வார்த்தையை இவன் இன்னும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஷோரூமில் கையெழுத்துப் போட்ட இடத்திலெல்லாம் அச்சடித்து இருந்தது, இவன் சொல்லவில்லை. வசந்தாமணியிடம்கூட நம்ம வண்டி என்றுதான் சொன்னான். இனி எப்படிச் சொல்வது? மொதலாளி இருக்க மாட்டார். மணி ஒன்று, சாப்பிடுகிற நேரம், வீட்டுக்குள் இருப்பார். செட்டுக்குள் நுழைந்து சத்தமில்லாமல் ஒரு வட்டம் அடித்து வெளியே வந்துவிடலாம். சத்தமில்லாமலா? இந்த இஞ்சினா? மூக்குக்கு அந்தப் பக்கம் அது போடுகிற சத்தம் அடுத்த ஊருக்குக் கேட்கும். இருந்தால்தான் என்ன, திருடிக்கொண்டா வந்தான்? ஆனால் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு மாதமாக வாரத்துக்கு ஒரு தடவை அவர் முன்னால் நின்றான், வாயைத் திறந்தான், “டீசல் விலையப் பாத்தீங்களா” என்று கேட்டுவிட்டு வந்தான். அவரோடு பேசி இவன் ஜெயித்ததே கிடையாது. அவர் சத்தம் போடுகிறவராக இருந்தால் சொல்லியிருப்பான். உட்கார வைத்துச் சோறு போட்டுப் பேசுவார். பேசி முடிக்கும்போது அவர் சொன்னதை இவனே தான் நினைத்ததாக நினைத்துக்கொண்டு கையைக் கழுவுவான். லீசை முதலில் எடுத்ததே அப்படித்தான்.

செட்டுக் கேட் திறந்திருந்தது. மொதலாளி ராமியண்ணன் வெள்ளைப் பனியனோடு வாசல் நடுவில் நின்றிருந்தார், கையில் வெற்றிலை, அதில் சுண்ணாம்பு தடவுவதை நிறுத்தியிருந்தார். சத்தம் கேட்டே வந்திருக்கிறார். பொங்கியண்ணன் பிரேக்கில் கால் வைத்தான். புது பிரேக், லேசாகத் தொட்டதற்கே நின்றுவிட்டது, இவன் பெட்டியோடு முன்னால் சரிந்து ஸ்டீயரிங்கில் முட்டிக்கொண்டான். துண்டை இறக்கினான். “நீயா?” என்றார் அவர். “நாந்தானுங்க.” “ஏன்டா, சேசி கொண்டுபோற வேலைக்கெல்லாம் எப்பப் போன? நம்ம வண்டி என்னாச்சு?” “வண்டி உள்ளதானுங்க நிக்குது.” “நிக்குது, அது எனக்கும் தெரியுது. இது யாருதுன்னு கேக்கறன்.” இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. “என்றதுங்க” என்றான். சொல்லிவிட்டான். இவ்வளவு சின்ன வார்த்தையா அது? வெளியே வந்த பிறகு அது அவ்வளவு பெரிய இரும்புமேல் போய் உட்கார்ந்துகொண்டது. அவர் வெற்றிலையை மடிக்காமலே வாயில் போட்டார். கையை ஓங்கப் போகிறாரா, உள்ளே போய்விடப் போகிறாரா என்று இவன் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் வண்டியின் மூக்கைச் சுற்றி வந்தார், செருப்பைக் கழற்றிவிட்டு, அது தெரிந்துதான் செய்தாரா என்று தெரியவில்லை, இரும்பு ஓரமாகவே பின்னால் நடந்தார். கடைசிவரைக்கும் நடந்தார். அந்தப் பக்கமாக முன்னால் வந்தார். உள்ளங்கையை இரும்புமேல் வைத்து அப்படியே நின்றார். “சினை மாட்டு வகுறு மாதிரித் துடிக்குதுடா” என்றார்.

“மொதலாளி, சொல்லோணும்னுதானுங்க இருந்தன்.” “அட இரு.” கையை எடுக்கவில்லை. “பதினோரு வண்டி வாங்கியிருக்கறன் பொங்கி. பதினொண்ணும் பைனான்ஸ்காரன் புடிச்சுட்டு வந்து ஏலத்துல உட்டது. எவனோ உக்காந்து தேச்ச சீட்டு, எவனோ புள்ளை பேரு நெத்தியில. அழிச்சுட்டு நம்ம பேரை எழுதுவன். இந்த மாதிரி எலும்பா நின்னு நான் ஒண்ணையும் பாத்ததில்ல.” பொங்கியண்ணன் அவர் முகத்தைப் பார்த்தான். அந்தச் செட்டில் நிற்கிற லாரிகளெல்லாம் பிறந்ததிலிருந்து அவருடையவை என்றுதான் இவன் இத்தனை நாள் நினைத்திருந்தான். அவை அங்கே வெயிலில் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றுக்கும் பின்னால் விட்டுப்போன ஒருத்தன் இருக்கிறான், ரோட்டோரம் சாக்கோடு நின்ற ஒருத்தன், கட்ட முடியாமல் பிடுங்கக் கொடுத்த ஒருத்தன். அவனும் ஒரு நாள் இப்படி மொட்டை வெயிலில் பெட்டிமேல் உட்கார்ந்து போயிருப்பான், அவனும் திரும்பித் திரும்பிச் சக்கரத்தைப் பார்த்திருப்பான். பதினோரு பேர். “திருப்பத்தான வந்த?” என்றார் அவர். எப்படிக் கண்டுபிடித்தார்? “ஆமுங்க. பழக்கத்துல திரும்பிட்டனுங்க.” அவர் சிரித்துவிட்டார். வெற்றிலைச் சாறு பனியனில் தெறித்தது. “போடா, கிறுக்கா. வா, வா, நான் பாக்கறன். ஒடி, வலத்த ஒடி. இன்னும் ஒடி. வரட்டும், வரட்டும், பின்னால சுவரு இருக்குது, நில்லு! இப்ப நேர் பண்ணு.” பதினோரு லாரிக்கும் நடுவில், ஒன்றிலும் படாமல், அவர் கையைக் காட்டக் காட்ட அந்த முப்பதடியும் திரும்பியது. ஒரு தடவை அவர் ஓடினார், வயதானவர், வெறுங்காலோடு ஜல்லியில் ஓடினார்.

மூக்கு கேட்டைப் பார்த்து நின்றது. அவர் மூச்சு வாங்கிக்கொண்டு பக்கத்தில் வந்து பெட்டியைப் பிடித்துக்கொண்டார். “பொங்கி, கேளு. அன்னிக்கு உன்னைய விசயவாடாவுல எறக்கி உட்டது தப்பு. நீ ஒண்ணுங் கேக்கல, நானும் ஒண்ணுஞ் சொல்லல. இனிமே நீ ஓட்டற என்ற வண்டிய விக்க மாட்டன், எழுதித் தரன். லீசுத் தொகையும் பாத்துக் கொறைச்சுக்கலாம். இத ஷோரூம்காரனுகிட்ட நானே பேசித் திருப்பிக் கொண்டுபோய் உடறன். அஞ்சு வருசம் இந்தக் கடனை நீ தலையில வெச்சுக்கிட்டுத் தூங்குவயா? நான் பதினொண்ணு வெச்சிருக்கறன், ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சுக்கறன். உனக்கு எதுக்குடா இது?” அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம். கண்ணுக்குக் கீழே கறுப்பு தெரிந்தது. அவர் சொல்வதெல்லாம் இவன் ஏற்கெனவே தனக்குச் சொல்லிக்கொண்டதுதான், அவர் குரலில் கேட்கும்போது இன்னும் நியாயமாக இருந்தது. செட்டை ஒட்டின வீட்டுக்குள்ளிருந்து அவர் சம்சாரம் கூப்பிட்டாள், ரசம் ஆறுது, யாரு வந்திருக்கறது என்று. “நம்ம பொங்கிதான், இன்னொரு எலை போடு!” என்று திரும்பிக் கத்தினார். பருப்பு தாளித்த வாசனை வந்தது. பசித்தது. காலையிலிருந்து ஒன்றும் தின்னவில்லை. இலையில் உட்கார்ந்தால் எழும்போது என்ன ஆகும் என்று இவனுக்குத் தெரியும். அந்த இடத்தில் தன்னை விடத் தன்னை நன்றாகத் தெரிந்தவன் யாருமில்லை. ஆக்சிலேட்டர்மேல் கால் கிடந்தது. அங்கே பின்னால் தண்டு சும்மா நின்றிருந்தது, கிளட்சை விட்டால் சுற்றும்.

“எறங்கி வா, ஒரு வாய் சாப்புடு, அப்புறம் பேசிக்கலாம்” என்றார் மொதலாளி, இஞ்சின் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு. “மொதல்ல இத அமத்து.”

அவன் இஞ்சினை அமத்தவில்லை.